உறுமியை நிறுத்திய கை

அருப்புக்கோட்டையில் நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற குடிமீட்பு இல்லத்தில் இப்போது ஒரு படிவம் இருக்கிறது. அதில் ‘உடன் செல்பவர்’ என்று ஒரு கட்டம். அங்கே புதிதாகச் சேர்ந்த ஆலோசகர்கள் இரண்டு பேர் போன மாதம் என்னைத் தேடி வந்தார்கள். மேளக்காரர்களோடு பஸ்ஸில் கூடவே போகும் வழக்கத்திலிருந்துதான் அந்தக் கட்டம் வந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். எப்படிப் போவீர்கள், என்ன செய்வீர்கள், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். நான் ஆறாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். ஆனாலும் எழுதுகிறேன். கூடப் போன ஒரு இடத்தில் நான் என்ன செய்யாமல் விட்டேன் என்பதையும் எழுதினால்தான் அது முழுதாக இருக்கும்.

நரிக்குடிப் பக்கம் பிறந்தேன். வீட்டில் தங்குகிற கால் இல்லை. லாரி கிளீனர், உப்பளம், செங்கல் சூளை, சர்க்கஸில் கூடாரம் கட்டுகிற வேலை என்று சுற்றினேன். ஒரு நையாண்டி மேள செட்டுக்குச் சாமான் தூக்கப் போனவன் உறுமியைப் பிடித்துக்கொண்டேன். உறுமிக்கு இரண்டு முகம். வலது முகத்தை நேர்க்குச்சியால் அடிப்போம். இடது முகத்தை வளைந்த குச்சியால் தேய்ப்போம். அது அடிவயிற்றிலிருந்து உறுமும். கோயில் கொடையில் சாமியாடிக்கு அருள் வருவது அந்தச் சத்தத்துக்குத்தான். நாயனம் கூட்டும், தவில் கூட்டும். உறுமிதான் சாமியை நிற்க வைக்கும்.

பன்னிரண்டு வருடம் வாசித்தேன். அதில் பத்து வருடம் குடித்தேன். எங்கள் தொழிலில் அது தனி விஷயம் இல்லை. பந்தியில் எங்களுக்குக் கடைசி வரிசை, சில ஊர்களில் அதுவும் கிடையாது. சரக்கில் மட்டும் முதல் மரியாதை. மேளம் ஊருக்குள் இறங்கியதுமே பாட்டில் வந்துவிடும். எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை ஆஸ்பத்திரியில் மஞ்சள் கண்ணோடு கிடந்தேன். வெளியே வந்தபோது உறுமியைத் தொட்டால் குடிப்பேன் என்று பட்டது. உறுமியை விட்டேன். குடியும் விட்டது. எதனால் எது விட்டது என்று இன்றுவரை தெரியாது.

அந்த நாளில்தான் சண்முகவேல் அண்ணனிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் நாடக செட்டுகளுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். குடித்து, மேடையிலேயே விழுந்து, பிறகு குடியை விட்டவர். அருப்புக்கோட்டையில் ஒரு கடலை மண்டியின் மாடியில் ஆர்மோனியம் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு அந்த மாடியில் நாங்கள் கூடுவோம். செவ்வாயில் கல்யாணம் இருக்காது; பதினொரு மணிதான் மேளக்காரன் எழுந்து முகம் கழுவுகிற நேரம். டவுனில் வேறொரு கூட்டமும் இருந்தது, சாயந்திரம் ஏழு மணிக்கு. ஏழு மணிக்கு எங்கள் ஆட்கள் எல்லாரும் எங்காவது ஒரு பந்தலில் இருப்பார்கள். எங்கள் பக்கத்துக் கோயில் பொங்கல் எல்லாம் பங்குனி, சித்திரையோடு முடிந்துவிடும்; கல்யாணமும் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் தினமும் கூடுவோம். சீசன்தான் ஆபத்து என்று வெளியாட்கள் நினைப்பார்கள். வாசிக்க இடமில்லாத மாதம்தான் எங்களைக் கொல்லும்.

அண்ணன் யாரையும் குடித்தாயா என்று கேட்டதில்லை. ஆர்மோனியப் பெட்டியைத் திறந்து வைத்து ஒரு கட்டையைச் சுரண்டிக்கொண்டே, “எந்த ஊருக்குப் போனே? மொதல்ல என்ன வாசிச்சீக? அப்புறம்?” என்பார். குடிக்காதவன் வரிசையாகச் சொல்லுவான். குடித்தவனுக்கு நடுவில் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். அந்த இடம் வந்ததும் அவனே நின்றுவிடுவான். அண்ணன் சுரண்டுவதை நிறுத்திவிட்டு ஸ்டவ்வைப் பற்ற வைத்து டீ போடுவார். அவ்வளவுதான் கண்டிப்பு.

ஒருவருக்கு ஒரு ஊரில் வாசிக்க அழைப்பு வந்தால் எங்களில் ஒருவன் முன்கூட்டியே அந்த ஊருக்குப் போய்விட்டு வருவான். மூன்று பேரிடம் பேச வேண்டும். செட்டு வைத்திருப்பவர், ஊரில் அழைப்பு வைத்தவர், பூசாரி. வயிற்றில் புண் என்று சொல்லக் கூடாது என்பார் அண்ணன். “புண்ணு ஆறிருச்சான்னு அடுத்த வருசம் கேட்டு ஊத்துவான். குடிச்சா இவரு நிக்க மாட்டாரு, ஊத்தாதீகன்னு நேராச் சொல்லு.” பாட்டிலுக்குப் பதிலாக ஒரு செம்பு பானகம் கேட்டு வாங்க வேண்டும்; கை சும்மா இருக்கக் கூடாது. வாசிக்கிற அன்று கூடப் போக வேண்டும். பஸ்ஸில் அவனை ஜன்னல் ஓரம் உட்கார வைத்து நாம் வழியை மறித்து உட்கார வேண்டும். திரும்பும்போது அவனை வாசலில் விட்டுவிட்டு வரக் கூடாது. உள்ளே போய், அவன் வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர் வாங்கி, மெதுவாகக் குடித்துவிட்டுத்தான் வர வேண்டும். நானே மூன்று வருடத்தில் எத்தனையோ வீட்டுத் தண்ணீர் குடித்தேன். மல்லாங்கிணறில் உப்பு, பரளச்சியில் சவர், திருச்சுழியில் கொஞ்சம் தேவலை. இந்த வேலையைப் பார்த்துத்தான் டாக்டர் ஒருவர் தொடங்கிய இல்லத்தில் என்னைத் துணையாளாகச் சேர்த்துக்கொண்டார்கள். பகலில் இல்லம், செவ்வாயில் மாடி.

பரளச்சி காளிமுத்து அப்படித்தான் வந்தான். நாயனக்காரன், என் வயதுதான். அவன் வாசித்துப் பழகிய செட்டில் நானும் இரண்டு சீசன் உறுமி பிடித்திருக்கிறேன். அவன் மனைவி பாண்டியம்மா அவனைக் கைத்தாங்கலாக மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் அவன் நாயனத்தை வாங்கி, ஊதுகிற சீவாளியைக் கழற்றி மோந்து பார்த்தார்.

“தண்ணியிலயா நனைக்கிற?”

பாண்டியம்மாதான் சொன்னது. “டம்ளர்ல ஊத்தி அதுக்குள்ளதான்ணே போட்டு வைப்பாரு. அது குடிச்ச மிச்சம்தான் இவரு குடிக்கிறது.”

அண்ணன் சிரித்துவிட்டார். காளிமுத்துவும் சிரித்தான். ஆனால் பழைய சீவாளி அத்தனையையும் எறிய வேண்டும் என்றதும் அழுதான். ஒரு சீவாளி வாய்க்குப் பழகப் பல மாதம் ஆகும். நாயனத்தின் கழுத்தில் கோத்துப் போட்டிருந்த சீவாளிக் கொத்தைக் கழற்றி ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

நாலு மாதம் குடிக்காமல் இருந்தான். இல்லத்து டாக்டர் ஒரு வருடம் வாசிக்கவே போக வேண்டாம் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னதும் நியாயம்தான். என் கதையே அதற்குச் சாட்சி. ஆனால் காளிமுத்து இளைத்துக்கொண்டே போனான். ஒரு செவ்வாயில் பாண்டியம்மா தனியாக வந்தது.

“குடிச்ச காலத்துல ஏசுவாரு, அடிப்பாரு. ஆனா வீட்டுல ஒரு ஆளு இருந்துச்சுண்ணே. இப்ப நாயனத்தைத் தொடச்சுத் தொடச்சு வைக்காரு. பேசுறதே இல்ல. பயமா இருக்கு.”

அண்ணன் ரொம்ப நேரம் பெட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பிறகு, “வாசிக்கட்டும். நம்ம ஆளு ஒருத்தன் செட்டுக்குள்ளயே அவன்கூட நிக்கட்டும்” என்றார். நையாண்டி மேளத்தில் நிற்கத் தெரிந்தவன் எங்களில் நான் ஒருவன்தான். என்னைப் பார்த்தார். “ஒன்னால முடியுமா?”

“முடியும்ணே.”

“இம்புட்டு வேகமாச் சொல்றியே” என்றார்.

ஆறு வருடம் கழித்து உறுமியைத் தோளில் மாட்டினேன். தோலுக்குச் சூடு காட்டினேன். எண்ணெய் தடவி வளைகுச்சியை வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன். அது உறுமியபோது என் முதுகில் ஓடியதை எழுதத் தெரியவில்லை. பாட்டிலுக்கு நான் அவ்வளவு ஏங்கியது கிடையாது என்று மட்டும் சொல்லலாம். அப்போதே அதை அண்ணனிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

நாலைந்து கல்யாணம், ஒரு காதுகுத்து. எல்லாம் நல்லபடியாக முடிந்தன. காளிமுத்து பானகச் செம்பைக் காலடியில் வைத்துக்கொண்டு வாசித்தான். செவ்வாயில் வரிசையாகச் சொன்னான், ஒரு துண்டும் விடாமல்.

பங்குனியில் நரிக்குடி ரோட்டில் ஒரு ஊரில் கருப்பசாமி பொங்கல். ஊர்ப் பெயர் வேண்டாம், பொல்லாத ஊர் இல்லை. நான் முன்னால் போய் மூன்று பேரிடமும் பேசினேன். பூசாரி நல்ல மனிதர். “படையல்ல பாட்டிலு இருக்கும், அது கருப்பனுக்கு. மேளத்துக்கு நான் குடுக்க மாட்டேன், போதுமா?” என்றார். சாமியாடியிடம் நான் பேசவில்லை. அவர் ஆடு மேய்க்கிறவர். அன்றைக்கு ஆட்டுக் கிடையில்தான் இருந்தார், போயிருக்கலாம். ஆனால் அப்படிப் போய்க் கேட்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. அருள் வந்தபின் பேசுவது சாமி. ‘அன்றைக்கு இப்படிச் செய்யாதீர்கள்’ என்று முன்னாலேயே சொன்னால், நீங்கள் நடிக்கிறீர்கள் என்று சொன்னதாகிவிடும். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

உச்சிப்பொழுதில் கிடா வெட்டுக்கு முன் சாமி இறங்கியது. நான் அன்று வாசித்ததைப்போல அதற்கு முன் வாசித்ததில்லை. உறுமி தரையைப் பிடித்து இழுத்தது. சாமியாடி அரிவாள்மேல் ஏறி இறங்கினார். படையலில் இருந்த பிராந்திப் பாட்டிலை எடுத்துப் பாதியைக் குடித்தார். பிறகு பாட்டிலோடு நேராக மேளத்துக்கு வந்தார்.

“ஏலே நாயனம். எம்புள்ள. வாயத் தொறடா, அப்பன் தாரேன்.”

சாமி கையால் தருவதை மறுக்கிறவன் அந்தப் பக்கத்தில் கிடையாது. காளிமுத்து நாயனத்தை இறக்கிக் கக்கத்தில் வைத்தான். அவன் சாமியைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

எனக்குப் புரிந்தது. உறுமி நின்றால் சாமி ஆளை விட்டு மலையேறும். இது மேளத்தில் நிற்கிற எவனுக்கும் தெரியும். குச்சியை எடுத்தால் போதும். நான் எடுக்கவில்லை. அருள் நிற்கும்போது கொட்டுச் சத்தத்தை நிறுத்தக் கூடாது என்பது சட்டம்தான். ஆனால் அதை நினைத்து நான் இழுக்கவில்லை. அந்த இழுப்பு அவ்வளவு சரியாக வந்துகொண்டிருந்தது. விட மனமில்லை. அவன் கண்ணைப் பார்த்துக்கொண்டே இழுத்தேன்.

அவன் குடித்தான். பாட்டிலை வாங்கி மிச்சத்தில் புதுச் சீவாளியை நனைத்துக்கொண்டான். பிறகு அவன் வாசித்ததை ஊரே கொண்டாடியது. பஸ்ஸில் ஜன்னல் ஓர இடம் காலியாக வந்தது.

செவ்வாயில் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்து, “கொட்டு நின்னுச்சா?” என்றார்.

“இல்லண்ணே.”

டீ போட்டார். என் பங்கை என் கையில் கொடுத்துவிட்டு, “மூணு பேர்ட்டப் பேசுனே. இன்னொருத்தர்ட்டப் பேசலையே” என்றார்.

“சாமியாடிகிட்ட எப்படிண்ணே பேசுறது?”

“நான் அவரச் சொல்லல” என்று என்னையே பார்த்தார்.

காளிமுத்துவைத் தேடிப் போனேன். கமுதியில் பார்த்ததாகச் சொன்னார்கள், அங்கே போனேன். முதுகுளத்தூரில் என்றார்கள், அங்கேயும் போனேன். எந்த ஊரிலும் நான் போவதற்கு முந்தின நாள்தான் வாசித்துவிட்டுப் போயிருந்தான். சுற்றுவது எனக்குப் பழகியதுதான். ஆனால் ஒருவனைத் தேடிச் சுற்றியது அந்த ஒரு தடவைதான். பாண்டியம்மா என்னை ஒன்றும் சொல்லவில்லை. போகும்போதெல்லாம் செம்பில் தண்ணீர் கொடுத்தது. அதைக் குடிப்பது கஷ்டமாக இருந்தது.

ஆடி மாதம் அவனாகவே வந்தான். கால் வீங்கியிருந்தது. படி ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். அண்ணன் வழக்கம்போல் எந்த ஊர், என்ன வாசித்தாய் என்றார். அந்தப் பொங்கலிலிருந்தே ஆரம்பித்தான். கும்மி மெட்டு, சாமி அழைப்பு, சாமி இறங்கியது. அங்கே நிறுத்தினான்.

“பாட்டில நீட்டுனாருண்ணே. அதுக்கப்புறம் ஒரு துண்டா, நாலு மாசமும் இல்ல.” பிறகு என் பக்கம் திரும்பினான். கோபம் இல்லை. “நீ நிறுத்துவேன்னு பாத்தேன்லே.”

“தெரியும்” என்றேன்.

“தெரியுமா?”

“தெரிஞ்சுதான் இழுத்தேன்.”

வீங்கிய காலை நீட்டிக்கொண்டு, “நல்லாத்தான்லே இருந்துச்சு ஒன் இழுப்பு” என்றான். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று மாதம் இல்லத்தில் இருந்தான். டாக்டர் அவன் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை என்றால் என்னிடம் கொண்டுவராதீர்கள், நேராகச் சுடுகாட்டுக்குப் போங்கள் என்றார். காளிமுத்துவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

அடுத்த பங்குனிக்கு அதே ஊரிலிருந்து அழைப்பு வந்தது. போன வருடம் சாமி நன்றாக இறங்கியதாம், அதே நாயனம், அதே உறுமி வேண்டுமாம். வேண்டாம் என்றேன். காளிமுத்து கேட்கவில்லை. “அந்தக் கோயிலுக்குப் போகலைன்னா எந்தக் கோயிலுக்கும் போக முடியாது. கல்யாண வீட்டுலயே வாசிச்சுக் கெடக்கச் சொல்றியா?” அண்ணனைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்னால் போனேன். இந்தத் தடவை ஆட்டுக் கிடைக்கும் போனேன். சாமியாடி ஒரு குட்டியின் காலில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். ஒளிக்காமல் சொன்னேன்.

“எங்கிட்டச் சொல்லி என்னப்பா செய்ய?” என்றார். “நான் கேட்டுக்கிருவேன். அவுக வந்துட்டா நான் எங்க இருக்கேன்? போன வருசம் யாருக்குக் குடுத்தேன்னுகூட எனக்குத் தெரியாது.”

“அப்ப என்னங்கய்யா வழி?”

முள்ளை எடுத்து வேலிக்கருவைப் பக்கம் எறிந்தார். “கொட்டு இல்லாம அவுக நிக்க மாட்டாக. அது ஒனக்கே தெரியும். நிறுத்துனா ஊரு ஒன்னய விடாது. அதுவும் ஒனக்குத் தெரியும். குட்டியப் பிடி, இந்தக் கால்லயும் ஒண்ணு இருக்கு.”

பிடித்துக்கொண்டேன்.

பொங்கலன்று பாண்டியம்மாவும் வந்து பொம்பளைகளோடு நின்றது. உச்சிப்பொழுது. சாமி இறங்கியது, அரிவாள் ஏறியது, பாட்டிலை எடுத்தது. குடித்துவிட்டு மேளத்தைப் பார்த்து நடந்தது. காளிமுத்து நாயனத்தை இறக்கினான். இந்தத் தடவை என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்தால் நான் நிறுத்தமாட்டேனோ என்ற பயமாக இருக்கலாம். என் கையில் அன்றும் அதே இழுப்பு வந்துகொண்டிருந்தது; போன வருடத்தைவிட நன்றாகவே வந்தது. சாமி பத்தடியில் இருந்தது. ஐந்தடி. “எம்புள்ள” என்று வாய் திறந்தது.

குச்சியை எடுத்துவிட்டேன்.

தவில் ஒரு சுற்று தனியாக ஓடித் தடுமாறி நின்றது. கட்டிப் போட்டிருந்த கிடா ஒன்று கத்தியது. ரோட்டில் ஒரு பஸ் போனது. சாமியாடி கையை நீட்டியபடியே நின்றார். அவர் தோள் தளர்ந்தது. கையிலிருந்த பாட்டிலை, யார் கொடுத்தது என்பதைப்போலப் பார்த்தார். பிறகு மண்ணில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டார்.

“கொட்டுறா” என்றான் ஒருவன். நான் கொட்டவில்லை. கன்னத்தில் ஒரு அடி விழுந்தது, முதுகில் ரெண்டு. உறுமியைத் தோளிலிருந்து அறுத்து வேலிக்கருவைக்குள் எறிந்தார்கள். பூசாரி குறுக்கே வந்து விழுந்து தடுத்தார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் காளிமுத்து குனிந்து பானகச் செம்பை எடுத்து ஒரு வாய் குடித்தான். சீவாளியை அதிலேயே நனைத்தான். நாயனத்தைத் தூக்கிச் சாமி அழைப்பை முதலிலிருந்து எடுத்தான். தவில் சேர்ந்துகொண்டது. சாமி மறுபடி வர வெகுநேரம் ஆனது. வந்தது, ஆனால் பாட்டில் அதற்குள் மண்ணில் சரிந்து காலியாகியிருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. என்னை ரோட்டுக்குத் தள்ளிவிட்டிருந்தார்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து காதால் கேட்டேன்.

பஸ்ஸில் காளிமுத்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்தான். முள் குத்திக் கிழிந்த உறுமியை மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அவன் வீட்டில் தண்ணீர் குடித்தேன். செவ்வாயில் அவன் வரிசையாகச் சொன்னான். கும்மி மெட்டு, சாமி அழைப்பு, சாமி இறங்கியது, கொட்டு நின்றது, பானகம், மறுபடி சாமி அழைப்பு. அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே பெட்டியைச் சுரண்டினார். ஸ்டவ்வைப் பற்ற வைக்கவில்லை.

சாமி நிற்கும்போது கொட்டை நிறுத்தினவன் என்ற பேச்சு நான் போவதற்கு முன்னால் எல்லா ஊருக்கும் போய்விட்டது. எந்தச் செட்டும் என்னைச் சேர்க்கவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நானாக இருந்தாலும் சேர்க்கமாட்டேன். இல்லத்து வேலையிலேயே இருந்துவிட்டேன். சுற்றுகிற கால் ஒரே ஊரில் நின்றது. சண்முகவேல் அண்ணன் போனபிறகு மாடியையும் கொஞ்ச காலம் நான் பார்த்துக்கொண்டேன். காளிமுத்து அதன்பிறகு ஒன்பது வருடம் வாசித்தான், பானகச் செம்போடு. வேறு உறுமிக்காரன். திருச்சுழியில் ஒருமுறை அவன் வாசித்தபோது கூட்டத்துக்கு வெளியே நின்று கேட்டேன். என்னைப் பார்த்துவிட்டான். நாயனத்தை இறக்காமலேயே புருவத்தைத் தூக்கி, தன் பக்கத்திலிருந்த உறுமிக்காரனை ஒருமுறையும் என்னை ஒருமுறையும் பார்த்தான். அந்தப் பையன் இழுப்பு சுமார்தான் என்று அர்த்தம். கடைசியில் நெஞ்சு வலியில் போனான். குடியில் போகவில்லை. அதைப் பாண்டியம்மா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

உடன் செல்பவர் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். மேலே எழுதியிருக்கிறேன். நீங்கள் இப்போது வாசிப்பதில்லையா என்றும் ஒருவர் கேட்டார். கிழிந்த உறுமி என்னிடம்தான் இருக்கிறது, தோல் மாற்றவில்லை.

பங்குனியில் நரிக்குடி பஸ்ஸில் போனால் அந்தக் கோயிலில் கொட்டுச் சத்தம் கேட்கும். முன் சீட்டுக் கம்பியில் என் கை தானாகச் சேர்ந்துகொள்ளும். சாமி அழைப்பு, சாமி இறங்குவது, எல்லாம் வரிசையாக வரும். அந்த இடம் வந்ததும் கை நின்றுவிடும். அதற்கு மேல் என்ன இழுப்பு வரும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பஸ் கோயிலைத் தாண்டுகிறவரை கையைக் கம்பியிலேயே வைத்திருப்பேன்.